திருவிழாவுக்கு முதல் நாள் நெஞ்சு வலி

மலேசியாவில், லூனாஸ் என்ற ஊரில் நான் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு வருடத்தில் ஒரு நாள் பத்துப் பதினோரு ஆண்கள் நெஞ்சு வலியோடு வருவார்கள். எல்லாரும் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். மோட்டார் சைக்கிளை வரிசையாக நிறுத்தி, ஒருவர் தோளில் ஒருவர் தட்டிச் சிரித்துவிட்டு, கிளினிக் கதவைத் தள்ளும்போது மட்டும் முகத்தைச் சுருக்கிக்கொள்வார்கள். மறுநாள் மாரியம்மன் கோயில் திருவிழா. அந்த நெஞ்சு வலிக்காரர்களில் பாதிப் பேர் முதுகில் கொக்கி குத்திக் காவடி எடுப்பார்கள். மீதிப் பேர் உறுமி மேளத்துக்கு விடிய விடிய ஆடுவார்கள்.

அவர்களுடைய வியாதியைக் கணினியில் பதிவது என் வேலை. பெயர், அடையாள அட்டை எண், தொழிற்சாலை, வியாதி. பதினான்கு வருடமாக அந்தக் கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். வருடா வருடம் அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவர் என் வீட்டுக்காரர். அவர் பெயருக்கு நேராக ஆறு திருவிழாவுக்கு ஆறு முறை 'நெஞ்சு வலி' என்று பதிந்தது என் விரல்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம்.

ஏன் நெஞ்சு வலி என்று கேட்பீர்கள். அதைக் கற்றுக்கொடுத்தவன் தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி. தமிழன்தான். எங்களைப் போலவே ரப்பர் தோட்டத்தில் பிறந்து படித்து மேலே வந்தவன், கோயில் கமிட்டியிலும் இருந்தான். நேரில் அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் 'அவன்'தான். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

திருவிழா வேலை நாளில்தான் வரும். ஒரு லைனில் இரண்டு பேருக்கு மேல் லீவு கிடையாது என்பது தொழிற்சாலைச் சட்டம். அதனால் அவன் ஆட்களைக் கேண்டீன் பக்கம் கூப்பிட்டு வைத்துச் சொல்வான்: "லீவு எழுதாதீங்க லா. எம்.சி. எடுத்துக்குங்க. லீவுன்னா மேல நான் பதில் சொல்லணும். எம்.சி.ன்னா கிளினிக் பதில் சொல்லிக்கும்."

எம்.சி. என்றால் டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சீட்டு. ஆனால் அதில் என்ன வியாதி எழுதுவது என்பதில் சிக்கல் இருந்தது. காய்ச்சல் என்றால் டாக்டர் வாயில் தெர்மோமீட்டர் வைத்துவிடுவார். வயிற்றுப்போக்கு என்றால், ஒரே நாளில் பத்துப் பேருக்கு வந்ததற்குக் கேண்டீனை மூடிச் சோதனை போட வேண்டும். முதுகு வலி என்றால் வேலையிடத்தில் அடிபட்டதா என்று பாதுகாப்பு அதிகாரி ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத ஒரே வியாதி நெஞ்சு வலிதான். வந்தது, போய்விட்டது என்றால் யாராலும் மறுக்க முடியாது. இவ்வளவு யோசித்துச் சொன்னவன் அவன்.

டாக்டருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள்தான். அவர்களுக்கான செலவைத் தொழிற்சாலை கட்டுகிறது. எந்தக் கிளினிக்குக்கு ஆள் அனுப்புவது என்பதை முடிவு செய்பவன் அவன். ஒரு கடிதம் போட்டால் அத்தனை பேரும் எதிர்ச்சாரிக் கிளினிக்குக்குப் போய்விடுவார்கள். போதாக்குறைக்கு, காய்ச்சலுக்கு இவ்வளவுதான் தருவோம் என்று தொழிற்சாலை உச்சவரம்பு வைத்திருந்தது. நெஞ்சு வலி என்றால் இ.சி.ஜி. எடுத்ததாகத் தனியாகப் பில் போடலாம். பதினோரு பேருக்கும் பில் போகும். இரண்டு பேருக்கு நிஜமாகவே எடுப்பார், மெஷின் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள.

எனக்கு இது புதிதாகவும் படவில்லை. தோட்டத்தில் என் அப்பா பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், யாருக்குக் காய்ச்சல் யாருக்கு இல்லை என்று தீர்ப்புச் சொன்னவர் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது நிர்வாகம். ஆள் குறைந்த நாளில் யாருக்கும் காய்ச்சல் வராது. உடம்பு கொதிக்கக் கொதிக்க அப்பா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே இருந்த வியாதியை இல்லை என்றார்கள், இங்கே இல்லாததை இருக்கிறது என்று எழுதுகிறோம், நமக்கு இது பரவாயில்லையே என்றுகூட நினைத்திருக்கிறேன். மடச்சி.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு என் வீட்டுக்காரர் ஃபோர்க்லிஃப்டை விட்டு இறங்கி, இடது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

"என்னா லா, திருவிழாவுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கே!"

சூப்பர்வைசரும் சிரித்தாராம். இவரும் சிரிக்கப் பார்த்தாராம். சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டு, முகம் சாம்பல் நிறத்துக்குப் போன பிறகுதான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பக்கத்து டவுன் சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனை. தொழிற்சாலையின் இன்சூரன்ஸ் அங்கே செல்லும் என்பதால் அங்கே.

நான் போய்ச் சேரும்போது ஒன்பதரை. இதய டாக்டர் தயாராக இருந்தார். அடைப்பைத் திறக்கும் அறையும் தயாராக இருந்தது. இவர் மூக்கில் குழாயோடு, சக்கரம் வைத்த கட்டிலில், அந்த அறைக்கு வெளியே இருந்தார். கதவுக்கும் கட்டிலுக்கும் இடையே நாலு எட்டுத்தான். அந்த நாலு எட்டைக் கடக்க ஒரு கடிதம் வர வேண்டும். செலவை நாங்கள் ஏற்கிறோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி எழுதும் கடிதம். ஜி.எல். என்பார்கள். கடிதம் இல்லையென்றால் முன்பணம் கட்ட வேண்டும். அவர்கள் சொன்ன தொகை எங்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை.

"உங்க பேனல் கிளினிக்குல பழைய ரெக்கார்டு கேட்டிருக்காங்க. அது வந்ததும் ஜி.எல். வந்துரும்," என்றாள் கவுண்டர் பெண்.

பேனல் கிளினிக் என்றால் தொழிற்சாலை ஆள் அனுப்பும் கிளினிக், எங்கள் கிளினிக்தானே! எனக்குப் பாதி உயிர் வந்தது. உடனே கூட வேலை செய்கிற பெண்ணுக்கு போன் போட்டேன்.

"எல்லாத்தையும் அனுப்பு மா. ஒண்ணு விடாம அனுப்பு. சீக்கிரம்."

ஏழு நிமிடத்தில் அனுப்பிவிட்டாள். அவளைக் கும்பிட்டேன், போனிலேயே.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. கடிதம் தர முடியாதாம். இவருக்கு ஆறு வருடமாக நெஞ்சு வலி இருந்திருக்கிறதாம். பழைய வியாதிக்கு இந்த இன்சூரன்ஸ் செல்லாதாம். முன்பிருந்த கம்பெனியில் இந்தத் தொல்லை கிடையாது. அந்த வருடம்தான் மலிவாகக் கிடைக்கிறதென்று தொழிற்சாலை வேறு கம்பெனிக்கு மாறியிருந்தது. மாற்றியவன் அவன். செலவைக் குறைத்ததற்காக மேலே பாராட்டியதாகக் கோயிலில் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் முதலில் எங்கள் கிளினிக் டாக்டருக்கு போன் பண்ணினேன். அதெல்லாம் எம்.சி.க்காக எழுதியது, நிஜ வலி இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று அழுதேன். "எச்.ஆர். சரின்னா எழுதறேன்," என்றார். எச்.ஆர். என்றால் அவன்தான், அவனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒரு வரி போதும்ணே. அந்த ஆறு எம்.சி.யும் திருவிழாவுக்காக எடுத்ததுன்னு. உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்கதானே சொன்னீங்க."

அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது.

"தங்கச்சி, அத எழுதுனா என் வேலை என்னாவும்? ஆடிட்டுக்கு நான் என்னா சொல்றது?"

"அவரு செத்துருவாருண்ணே."

"ரெக்கார்டுன்னா ரெக்கார்டுதான் லா. அரசாங்க ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க கொண்டு போ."

போனை வைத்துவிட்டான்.

அரசாங்க மருத்துவமனைக்கு இவரை மாற்றும்போது மதியம் மூன்று ஆகிவிட்டது. அங்கே ஒருவரும் கடிதம் கேட்கவில்லை. நாங்கள் கொடுக்க வேண்டியது சில்லறைக் காசு. கட்டில் போதாமல் நடைபாதையிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள், ஆனாலும் ஓடி வந்தார்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே ஓர் இளம் மலாய் டாக்டர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"கெனாப்பா லம்பாட், காக்?"

ஏன் இவ்வளவு தாமதம், அக்கா? திட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

இவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் ஒரு பக்கம் செத்துவிட்டது, இனி அது துடிக்காது என்றார்கள். இரும்புக் காவடி தூக்கிய மனுஷன் கோயிலின் மூன்று படியை ஏற இரண்டு இடத்தில் நிற்கிறார். உடம்பு தகுதியில்லை என்று தொழிற்சாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்தத் தாளில் கையெழுத்து அவனுடையது. அன்றிலிருந்து காலையும் இரவும் இவருடைய மாத்திரைகளை நான்தான் பிரித்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுவேன். இவர் என் கையிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

ஒரு மாதம் கழித்து அவன் ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தான். இவர் எழுந்து நிற்கப் பார்த்து, "வாங்கண்ணே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோப்பி போடச் சொன்னார். வேண்டுமென்றே சர்க்கரை இல்லாமல், கறுப்பாக, கசக்கக் கசக்கப் போட்டு வைத்தேன். அவன் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, தனக்குச் சர்க்கரை வியாதி என்பதை ஞாபகம் வைத்துப் போட்டதற்கு நன்றி சொன்னான். என் பழி வாங்கும் லட்சணம் அன்றைக்கு அப்படி இருந்தது.

"விடு லா. அவரும் சம்பளத்துக்குத்தான் வேலை செய்யறாரு," என்பார் இவர். எனக்கு விட வரவில்லை. புகார் எழுதலாமே என்று என் தங்கை சொன்னாள். எழுதினால் பொய் எம்.சி. எடுத்த மற்றப் பத்துப் பேருக்கும் வேலை போகும். அவர்கள் பிள்ளைகளோடுதான் என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதனால் எழுதவில்லை. அடுத்த திருவிழாவுக்கு வந்தவர்களிடம் மட்டும், நெஞ்சு என்று சொல்லாதே, தலைசுற்றல் என்று சொல் என்று கவுண்டரிலேயே மெதுவாகச் சொல்லிவிட்டேன். இப்போது எங்கள் ஊர் ஆண்களுக்கெல்லாம் தலைசுற்றல்.

கிளினிக் வேலையை நான் விடவில்லை. சம்பளம் வேண்டும், அது ஒன்று. இன்னொன்று, அவன் என்றைக்காவது அந்தக் கவுண்டருக்கு வருவான் என்று எனக்குத் தெரியும். எந்தப் பெரிய மனுஷனும் உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வாழ முடியாது. காத்திருந்தேன். இரண்டு வருடம் காத்திருந்தேன்.

வந்தான். காலை பத்து மணி இருக்கும், கிளினிக்கில் வேறு யாரும் இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

"தங்கச்சி, மாடிப்படி ஏறினா இங்க இறுக்கிப் பிடிக்குது. மூணு வாரமா. வேர்த்துக் கொட்டுது." பிறகு கவுண்டர் மேல் குனிந்து குரலை இறக்கினான். "சிஸ்டத்துல கேஸ்ட்ரிக்னு போட்டுரு மா. புது இன்சூரன்ஸ் இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. உனக்குத் தெரியாததா."

அதைவிட மலிவான இன்னொரு கம்பெனிக்கு அந்த வருடம் மாற்றியிருந்தான். கையிலிருந்து காசு கொடுத்து வேறு ஊரில் வேறு டாக்டரைப் பார்த்திருக்கலாம். தொழிற்சாலைச் செலவிலேயே பார்த்துப் பழகியவனுக்கு அது தோன்றவில்லை.

"சரிண்ணே," என்றேன்.

அவன் சொன்னதை ஒரு சொல் குறையாமல் பதிந்தேன். மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கம், மூன்று வாரமாக, வியர்வையோடு. அவன் நன்மைக்காகத்தான் அப்படிப் பதிந்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் நடந்ததையும் சொல்ல வேண்டும். டாக்டர் திரையில் இருந்ததைப் படித்துவிட்டு, அன்றைக்கு நிஜமாகவே இ.சி.ஜி. எடுத்தார். தாளை இரண்டு முறை பார்த்தார். அரசாங்க மருத்துவமனையின் இதயப் பிரிவுக்கு உடனே போகச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கேஸ்ட்ரிக் என்று போட்டிருந்தால் வெள்ளை மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பியிருப்பார். அவன் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அங்கே போகவே இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த வரிசையில் உட்கார மனம் வரவில்லை போலும்.

மூன்று வாரம் கழித்து, மதியம் டாக்டர் சாப்பிடப் போயிருந்த நேரம், கணினியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சுங்கைப் பட்டாணி. அதே தனியார் மருத்துவமனை. நோயாளியின் பழைய பதிவுகளை அவசரமாக அனுப்பவும். பெயரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன்.

எல்லாவற்றையும் எடுத்தேன். ஒன்று விடவில்லை. அச்சடித்து, கிளினிக் முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து அனுப்பினேன். நாலு நிமிடம். என் வாழ்நாளில் எந்த வேலையையும் அவ்வளவு வேகமாக, அவ்வளவு சுத்தமாக நான் செய்ததில்லை.

இரண்டு மணிக்கு அவன் மனைவி போனில் வந்தார். கோயில் அன்னதானத்தில் சோறு பரிமாறுகிற பெண். யாரையும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. என் பிள்ளைகளுக்கு எப்போதும் ஒரு கரண்டி பாயசம் கூட ஊற்றுவார்.

"தங்கச்சி, அண்ணனுக்கு முடியல மா. உள்ள கொண்டு போக மாட்டேங்கறாங்க. ஜி.எல். வராதாம். அன்னிக்கு வந்தது கேஸ்ட்ரிக்தான்னு கிளினிக்குலேருந்து ஒரு வரி குடுத்தா போதும்னு அண்ணன் சொல்றாரு. டாக்டர்கிட்ட சொல்லு மா. ஒரே ஒரு வரி."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பின்னால் அவன் முனகிக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகக் கேட்டது.

"அண்ணி, ரெக்கார்டுன்னா ரெக்கார்டுதான் லா," என்றேன். "அரசாங்க ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க கொண்டு போங்க."

முனகல் சத்தம் நின்றுவிட்டது. அவன் கேட்டுவிட்டான். யார் சொன்ன வார்த்தை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. "சரி மா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் எழுதுகிறேன், அப்படி ஒரு சந்தோஷம். எதிர்க்கடையில் ஐஸ் போட்ட மைலோ வாங்கி, அதைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிக் குடித்தேன்.

அவனும் பிழைத்துக்கொண்டான். அரசாங்க மருத்துவமனையில் அவனுக்கும் தாமதமாகத்தான் மருந்து ஏறியது. அவனுக்கும் இதயத்தின் ஒரு பக்கம் போய்விட்டது. செய்தி கேட்டதும் என் வீட்டுக்காரர் போய்ப் பார்க்க வேண்டும் என்று நின்றார். நான் வரமாட்டேன் என்றேன். பக்கத்து வீட்டுக்காரரின் காரில் போனார், கையில் ஆரஞ்சுப் பழத்தோடு. லிஃப்ட்டில் கூட்டமாம். இரண்டு மாடியைப் படியில் நின்று நின்று ஏறியிருக்கிறார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், மூச்சு அடங்கும் வரை பேசவில்லை.

"டாக்டரு கேட்டாராம், கெனாப்பா லம்பாட்னு."

தண்ணீர் கொண்டு வந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"லெட்டருக்கு காத்திருந்தோம்னு சொன்னாங்களாம். அண்ணி சொல்லி அழுதாங்க." என்னைப் பார்த்தார். "ரெக்கார்டு உங்க கிளினிக்குலேருந்துதானே போச்சு?"

"ஆமா. நாலு நிமிஷத்துல அனுப்பினேன்." எனக்குக் குரல் ஏறியது. "உண்மையத்தானே அனுப்பினேன்? அன்னிக்கு உங்களுக்காக நான் கேட்டதும் உண்மையான ஒரு வரி. அத அவன் குடுக்கல. இன்னிக்கு அவங்க கேட்டது பொய். நான் ஏன் குடுக்கணும்?"



"பொய்தான்," என்று ஒத்துக்கொண்டார். பிறகு, "ஆனா அவருக்கு வலிச்சது நெஜம்தானே லா," என்றார்.

சண்டை போடவில்லை. அன்றைக்கு இரவுச் சாப்பாடு முடிந்ததும் வழக்கம்போல மாத்திரைகளைப் பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்து, அட்டையிலிருந்து தானே பிதுக்கி எடுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். இன்றைக்கும் அப்படித்தான். என் கையிலிருந்து எடுப்பதில்லை.

செய்ததற்கு நான் வருத்தப்படவில்லை. மறுபடியும் அந்த மின்னஞ்சல் வந்தாலும் நாலு நிமிடத்தில் அனுப்புவேன். ஆனால் இந்த மனுஷன் தடுமாறிக்கொண்டு மாத்திரை அட்டையைப் பிதுக்குவதை இரண்டு வேளையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் எனக்குக் கோபம்.